ஒரு நாடா, இரண்டு வாய்

துளசிமணியின் பேரில் நின்ற பாக்கி மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய். அதில் அசல் எது, வட்டி எது, புருஷன் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது வாங்கியது எது, மகள் படிப்புக்கு வாங்கியது எது என்று கேட்டால் அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. தலையில் மூட்டை ஏறினால் உள்ளே என்ன இருக்கிறது என்று கழுத்துக்கா தெரியும்? கனம்தான் தெரியும்.

பள்ளிபாளையத்துப் பக்கம் விசைத்தறிப் பட்டறைகளில் பாக்கி இல்லாத ஆளைப் பார்ப்பது அபூர்வம். முன்பணம் வாங்கிக்கொண்டுதான் தறிக்கு வருவார்கள். வேறு பட்டறைக்குப் போக வேண்டுமென்றால் அந்த முதலாளி பாக்கியைத் தன் பக்கம் மாற்றிக்கொண்டு ஆளை எடுத்துக்கொள்வார். அதற்குப் பேர் பாக்கி மாற்று. இப்போது எல்லாப் பட்டறைப் பாக்கியையும் கைகொடுப்பு நிதி என்ற கம்பெனி மொத்தமாக வாங்கி வைத்திருந்தது. ஆள் செத்துப்போனாலும் பாக்கி சாகாது. வீட்டில் அடுத்த ஆள் தலைக்குப் போகும். துளசிமணிக்கு அடுத்த ஆள் கனிஷ்கா. சேலத்தில் நர்சிங் முதல் வருஷம்.

ஒரே ஒரு வழியில்தான் பாக்கி செத்துப்போகும். வாய்ப் புற்று வந்து பட்டறை பட்டறையாக ஆட்கள் சாய்ந்த காலத்தில், ஜனங்கள் பிணத்தோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம் ஒரு சட்டம் வந்தது. பாக்கி உள்ள தறிக்காரருக்கு வாயில் புற்று என்று உறுதியானால் பாக்கி முழுவதையும் காப்பீட்டுக்காரர்கள் கட்டிவிட வேண்டும், வைத்தியச் செலவும் அவர்களுடையது. அப்படி உறுதி செய்வதற்கு வந்ததுதான் பெட்டி.

பெட்டி ஒரு தையல் மிஷின் அளவு இருக்கும். கன்னத்தின் உட்பக்கத்தைச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, அந்தப் பிரஷ்ஷை உள்ளே வைத்தால் போதும். தேய்த்ததில் வந்த செல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் விளக்கு எரியும். பச்சை என்றால் ஒன்றுமில்லை. மஞ்சள் என்றால் புண், மருந்து போட்டுக்கொண்டு மறுபடி வா. சிவப்பு என்றால் புற்று.

செல்லைப் படிக்கப் பெட்டி வந்துவிட்டது. நாடாவில் நூல் கோர்க்க மட்டும் இன்னும் வாய்தான். தறியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாய்கிற நாடாவுக்குள் ஒரு தார்க்குச்சி இருக்கும். அதில் சுற்றிய நூல் தீர்ந்ததும் புதுத் தாரைப் போட்டு, நாடாவின் ஓரத்தில் உள்ள துளையில் உதட்டை வைத்து ஒரு இழு இழுத்தால் நூல் வெளியே வந்து விழும். எண்ணெய், பஞ்சு, முன்னால் இழுத்தவர் எச்சில் எல்லாம் சேர்ந்து வாய்க்குள் வரும். துப்பிவிட்டு அடுத்த தறிக்குப் போக வேண்டியதுதான். இதற்கு ஒரு கொக்கிக் கம்பி உண்டு, ஆனால் கம்பியை எடுப்பதற்குள் வாய் வேலையை முடித்திருக்கும். மீட்டருக்குக் கூலி வாங்குகிறவர்களுக்குக் கம்பி சரிப்படாது.

துளசிமணியின் தறிகளுக்கு ராத்திரியில் இன்னொரு வாய் உண்டு. செங்கோட்டுவேல். பகல் ஷிப்டு அவள், ராத்திரி ஷிப்டு அவர். ஐம்பது தாண்டிய ஒண்டிக்கட்டை. அந்தப் பட்டறையிலேயே பாக்கி இல்லாத ஒரே ஆள்.

அவர் தறி ஓட்டுவதை நின்று பார்க்க வேண்டும். பாவில் நீளவாக்கில் ஓடும் இழை அறுந்தால் மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவர் முடிந்து, முடிச்சை நறுக்கி, தறியைத் தட்டிவிட்டிருப்பார். அவர் நெய்த துணியில் அந்த முடிச்சை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கலாம். ஷிப்டு முடிந்து போகும்போது தறியடியில் பஞ்சு கூட்டி, அவளுக்கென்று நாலு தார் எடுத்து வைத்துவிட்டுத்தான் போவார். யாரும் சொல்லிச் செய்வதில்லை. அவள் புருஷன் செத்த வாரத்தில் பகலும் ராத்திரியும் அவரே ஓட்டி, பகல் கூலியை அவள் பேரில் எழுத வைத்தார். அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "முன்பணம் வேண்டாமா வேலு?" என்று முதலாளி வருஷா வருஷம் தீபாவளிக்குக் கேட்பார். "ஒத்த வயிறுக்கு எதுக்குங் முதலாளி?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். பிடித்துக் கட்டக் கயிறில்லாத மாடு அவர். அது முதலாளிக்கு வருஷம் முழுக்க உறுத்தல்.

பட்டறைக்குள் தறிச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. அதனால் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். கடைசித் தறியில் நிற்கிறவள் முதல் தறிக்காரனைத் திட்டலாம், அவனும் திருப்பித் திட்டலாம், நடுவில் நிற்கிறவர்கள் சிரிக்கலாம். ஒரு சத்தம் இருக்காது. வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, யார் வாய் எப்படி அசையும் என்பது துளசிமணிக்கு அத்துப்படி. ஆறேழு மாதமாகச் செங்கோட்டுவேலின் பேச்சு அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. உதடு பாதியிலேயே நின்றது.

"என்னுங்ணா, சிரிப்பு பாதியில நின்னு போச்சு?"

"வாய் இறுகிக்கிச்சு அம்மிணி. எண்ணெய் போடோணும்."

"தறிக்குப் போடறதுலயே ரெண்டு சொட்டு உட்டுக்கோங்."

அவ்வளவுதான். வாயில் பாக்கு அடக்கி வேலை பார்க்கிற ஆள், இறுகத்தான் செய்யும் என்று விட்டுவிட்டாள். அவர் காரத்தை விட்டதையும், டீயை ஆறவைத்துக் குடிப்பதையும் கண்ணால் பார்த்தாள். மனசில் வாங்கவில்லை.

பெட்டி அந்தப் பட்டறைக்கு முதல் தடவையாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஷிப்டு மாறுகிற நேரத்தில். பாக்கி உள்ளவர்களை வாய் கொப்பளித்துவிட்டு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். துளசிமணி குழாயடியில் நன்றாகக் கொப்பளித்துவிட்டு வந்தாள். வரும் வழியில் அவள் தறி ஒன்று நின்றது. செங்கோட்டுவேல் அப்போதுதான் தார் மாற்றி, வாயால் இழுத்துக் கோர்த்துவிட்டுச் சட்டை மாட்டப் போயிருந்தார். கோர்த்த நூல் அறுந்து உள்ளே போயிருந்தது. நின்ற தறியைப் பார்த்துக்கொண்டு தாண்டிப் போக அவளுக்குக் கால் வராது. நாடாவை எடுத்தாள், உதட்டில் வைத்து ஒரு இழு இழுத்தாள், தட்டிவிட்டு ஓடினாள்.

நூல் குடோனில் மேஜை போட்டுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவள் பெனாசிர். செல் பார்க்கிற படிப்புப் படித்தவள், ஈரோட்டுக்காரி. "பெட்டி இருக்க நீங்க எதுக்குங் மேடம்?" என்று யாராவது கேட்டால், "பெட்டி முழிக்கறப்ப நான் வேணும்ல?" என்பாள்.

"கொப்பளிச்சீங்களாக்கா?"

"ஆச்சுங் மேடம்."

"அப்புறம் வாயில எதாவது வெச்சீங்களா? டீ, பாக்கு, புகையிலை?"

"சத்தியமா இல்லீங்."

அவள் பொய் சொல்லவில்லை. நாடாவை இழுப்பதை அந்தப் பட்டறையில் யாரும் வாயில் வைத்ததாகச் சேர்ப்பதில்லை. மூச்சு விட்டாயா என்று கேட்டால் யாராவது கணக்குச் சொல்வார்களா?

பிரஷ் உள்ளே போனது. டீ வந்தது. டீ தீருமுன் விளக்கு எரிந்தது.

கைகொடுப்பு நிதியின் வசூல்காரப் பையன் பூபதி பக்கத்தில் நின்றிருந்தான். "அக்கா, சிவப்புங்" என்றான். அவன் குரல் இறங்கிப்போனது.

துளசிமணிக்கு அப்போது முதலில் தோன்றியது சாவு இல்லை. மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு. கழுத்து லேசானது மாதிரி இருந்தது.

"கனிஷ்கா தலைக்கு வராதுல்ல தம்பி?"

"வராதுங்க்கா. வெள்ளிக்கிழமை காப்பீட்டுல கட்டிருவாங்க."

பட்டறையில் தறி ஓடிக்கொண்டே சேதி பரவியது, சத்தமில்லாமல். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். இன்னொருத்தி உதட்டில் "குடுத்து வெச்சவ" என்றது துளசிமணிக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவள்மேல் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் தான் நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

மத்தியானம் பெனாசிர் அவளைத் தன் பரிசோதனை மையத்துக்கு வரச்சொல்லி, மறுபடி ஒரு பிரஷ் எடுத்தாள். பெட்டியில் வைக்கவில்லை. பழைய காலத்து மைக்ராஸ்கோப் ஒன்றை வைத்துக்கொண்டு நெடுநேரம் குனிந்திருந்தாள். நிமிர்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணு பிடிபடலக்கா. இங்க வந்து பாருங்க."

திரையில் பெரிதாக்கிப் போட்டாள். "நல்ல செல்லு ஒரு சப்பாத்தி மாதிரி. நடுவுல ஒரு பொட்டு தெரியுதா? அது உட்கரு. செல்லுக்கு அதான் எசமான். இது நல்லா இருக்குது. இப்ப இதைப் பாருங்க. பொட்டு கொஞ்சம் உப்பியிருக்கு, சுத்தி வெளிச்சமா ஒரு வட்டம். இது புண்ணு. எண்ணெயும் பஞ்சும் பட்டுப் பட்டு உங்க கன்னம் வெந்து கிடக்குது. செல்லு அதோட சண்டை போடுது. சண்டை முடிஞ்சா பொட்டு அடங்கி பழையபடி ஆயிரும்."

"நனைஞ்ச நூல் உப்புற மாதிரி."

"அதே. காஞ்சா சரியாயிரும். இது காலைல வந்த இன்னொண்ணு."

துளசிமணி பார்த்தாள். பொட்டு சப்பாத்தியையே விழுங்கியிருந்தது. ஓரமெல்லாம் கோணல். மை கொட்டியது மாதிரி கறுப்பு.

"இது சண்டை போடலக்கா. எசமான் கிறுக்குப் பிடிச்சுத் தனக்குன்னு ஊடு கட்டிட்டு இருக்குறான். காஞ்சாலும் அடங்க மாட்டான். புண்ணுக்கும் இதுக்கும் ஆரம்பத்துல வித்தியாசம் கண்டுபிடிக்கறது பெரிய டாக்டருக்கே கஷ்டம். அதுக்குத்தான் பெட்டி. பெட்டி தப்புப் பண்ணல, நானும் பார்த்துட்டேன், இது அதுதான். ஆனா காலைல ஒரு கைப்பிடி இருந்தது, இப்ப அதே எடத்துல தேய்ச்சா ஒண்ணுகூட இல்ல. எல்லாமே புண்ணுச் செல்லு."

"அப்ப சிவப்பு இல்லீங்களா?"

"பதிஞ்சாச்சே. சந்தேகத்துக்கெல்லாம் சிவப்பை எடுக்க முடியாது. ஆஸ்பத்திரில சதை கிள்ளிப் பாப்பாங்க."

"கிள்ளிப் பாத்து ஒண்ணுமில்லன்னு வந்தா? கட்டுன காசைத் திருப்பிக் கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமை பணம் கட்டியாச்சுன்னா பூட்டிரும்."

"எது பூட்டும்?"

பெனாசிர் கையுறையைக் கழற்றினாள். "ஒவ்வொருத்தர் செல்லுலயும் ஒரு அடையாளம் இருக்குதுக்கா, கைரேகை மாதிரி. பெட்டி அந்தக் கெட்ட செல்லோட அடையாளத்த உங்க பேர்ல பூட்டி வெச்சுக்கும். ஒரு ஊர்ல புத்து வந்த ஒருத்தன் தன் எச்சில பாட்டில்ல அடைச்சு வித்தான். பாக்கி தள்ளறதுக்கு ஜனங்க வரிசைல நின்னு வாங்கிக் குடிச்சாங்க. அதுல இருந்து இந்தப் பூட்டு. ஒரு செல்லுக்கு ஒரு பேர்தான். அதே அடையாளத்தோட வேற யாராச்சும் எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், திருட்டு எச்சில்னு சொல்லி வெளிய அனுப்பிருவாங்க. வைத்தியமே கிடையாது."

துளசிமணிக்கு அதில் பாதிதான் தலையில் ஏறியது. சோற்றுத் தூக்குப்போசியைப் பட்டறையில் மறந்துவிட்டாள். எடுத்துவரப் போனாள். அவள் தறியில் மாற்றாள் ஒருத்தி நின்று திண்டாடிக்கொண்டிருந்தாள். ஒரு தறி நின்றது. துளசிமணியின் கை தானாகப் போனது. நாடாவை எடுத்தாள், செங்கோட்டுவேல் அவளுக்கென்று வைத்துப் போயிருந்த தாரில் ஒன்றைப் போட்டாள், உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

அங்கேயே நின்றுவிட்டாள்.

துளையைச் சுற்றி மரம் கறுத்து, எச்சில் காய்ந்து பளபளவென்று இருந்தது. அதில் ஒரு வாய் பட்ட இடத்தில்தான் இன்னொரு வாயும் படும். பாதியில் நிற்கிற உதடு, ஆறிப்போன டீ, காரம் இல்லாத சோறு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன.

அவள் நாடாவை மெல்லக் கீழே வைத்தாள். மாற்றாள் என்னவென்று உதட்டால் கேட்டாள். துளசிமணி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பட்டறையில் வாயைத் திறந்தால் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

ரோட்டோரத்தில் நின்றபோது கனிஷ்கா போன் செய்தாள். "அம்மா, பூபதி அண்ணன் சொல்லுச்சு. நான் பஸ் ஏறிட்டேன். பாக்கி போனா போகுது, வந்தா வருது. எனக்கு நீ வேணும்மா" என்று தேம்பினாள். "எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு" என்று வாய்வரை வந்ததைத் துளசிமணி விழுங்கினாள். அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைவரை பேசாமல் இருந்தால் மகள் ஊசி போடக் கற்றுக்கொள்வாள், நாடா இழுக்க வர மாட்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். தறிக்காரிக்கு அதைவிடச் சுலபமான வேலை கிடையாது.

வீட்டுக்குப் போகத்தான் நடந்தாள். கால் டீக்கடைக்குப் போனது.

செங்கோட்டுவேல் ஷிப்டுக்கு முன்னால் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்து, டீயில் பன்னை ஊறவைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அம்மிணி. கேள்விப்பட்டேன். நீ ஒண்ணும் பயப்படாத, ஆஸ்பத்திரிக்கு நான் கூட வாறேன்..."

"உக்காருங்ணா."

சத்தமில்லாத இடத்தில் அவர்கள் இரண்டு பேரும் பேசியது குறைவு. அவர் குரல் இவ்வளவு கம்மியாக இருக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"மூணு விரல வாய்க்குள்ள வெய்ங்க பாக்கலாம். நல்ல வாய்னா போகோணும்."

"என்ன அம்மிணி, சின்னப்புள்ளைக்குச் சொல்றாப்ல?"

"வெய்ங்ணா."

அவர் சிரித்துக்கொண்டே வைத்தார். இரண்டு விரல் போனது. மூன்றாவது உதட்டில் முட்டி நின்றது. சிரிப்பும் நின்றது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாடாவை, நூல் அறுந்ததை, சப்பாத்தியை விழுங்கிய பொட்டை, பூட்டை. அவர் பன்னையே பார்த்துக்கொண்டு கேட்டார். பன் கரைந்து டீக்குள் விழுந்தது.

"ஆக, என் புத்து உன் பேர்ல இருக்குது."

"ஆமாங்."

"எடுத்துட்டா உன் பாக்கி திரும்ப வந்துரும்."

"வரட்டும்."

"ஏன் அம்மிணி சொன்ன? ஒண்டிக்கட்டை நானு. போனா அழக்கூட ஆளில்ல. உனக்குப் புள்ள இருக்குது."

"மத்தியானம் பூராவும் சொல்லாமத்தான் இருந்தேன். இன்னும் கொஞ்சம் இருந்திருப்பேன், நீங்க எனக்கு எடுத்து வெச்ச நாலு தார் கண்ணுல பட்டுருச்சு." அவளுக்குக் கோபம் வந்தது. "அழ ஆளில்லைன்னு சொல்றீங்களே, எதிர்ல உக்காந்திருக்கறது என்ன, கல்லா?"

டீக்கடைக்காரர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். செங்கோட்டுவேல் பன் கரைந்த டீயைத் தள்ளி வைத்தார். "காரமா ஒரு மிளகா பஜ்ஜி தின்னு எத்தனை நாளாச்சு" என்றார்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் பெனாசிர் முன்னால் நின்றார்கள். துளசிமணி நாடா விஷயத்தைச் சொன்னதும் பெனாசிர் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"டீ கேட்டேன், பாக்கு கேட்டேன். நாடாவைக் கேக்கணும்னு எனக்குத் தோணலியே. ஒரு நாளாச்சும் நான் தறி ஓடறதப் போய்ப் பாத்திருக்கோணும்." கம்ப்யூட்டரைப் பார்த்தாள். துளசிமணியைப் பார்த்தாள். "எழுதட்டுங்களா? எழுதிட்டா சிவப்பு போயிரும்க்கா. மஞ்சள்தான். பாக்கி நிக்கும். நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சா எழுத உடமாட்டேன். சீக்கிரம் எழுதுங்க."

பெனாசிர் எழுதினாள். எழுதி முடித்ததும் எழுந்து வந்து துளசிமணியின் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு விட்டாள். "இவருக்கு இப்பவே பார்த்தா முழுசாக் காப்பாத்தலாம். கன்னத்துல கொஞ்சம் போகும், ஆளு நிப்பாரு. ஆனா பாக்கி இல்லாதவங்க காப்பீட்டுல வர மாட்டாங்க. பெட்டியே அவங்க பேரை எடுக்காது. வெளிய பாக்கணும்னா மூணு நாலு லட்சம் ஆகும்."

செங்கோட்டுவேல் சிரித்தார், பாதி வாயால். "ஆயுசு பூரா கைநீட்டாம இருந்ததுக்கு நல்ல மருவாதிங்." அப்புறம் காதைச் சொறிந்துகொண்டு கேட்டார். "பாக்கி இருந்தாப் பெட்டி பாக்குமுங்களா?"

"பாக்கும். பாக்கி ஏத்துக்கற அன்னிக்கே பாக்கோணும்னு சட்டம்."

"முன்னாடியா, பின்னாடியா?"

பெனாசிர் பிரஷ் டப்பாவை அடுக்க ஆரம்பித்தாள். டப்பா ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தது. "கம்பெனிக்காரங்க புத்திசாலியா இருந்தா முன்னாடி பாத்துட்டுக் குடுப்பாங்க. அவசரக்காரங்களா இருந்தா ரேகை வாங்கிட்டுத்தான் பெட்டிக்கு அனுப்புவாங்க. அது அவங்க பாடு. நான் வாயை மட்டும்தான் பாக்கறவ. நாளைக்குக் காலைல உங்க பட்டறைல இருப்பேன்."

துளசிமணிக்கு அப்போது அது உறைக்கவில்லை. மூன்று நாலு லட்சத்தை எங்கே புரட்டுவது என்று அவள் மனசு ஓடிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே மூன்று லட்சம். இன்னொரு மூன்று லட்சம் கேட்டால் பூபதி கொடுப்பானா?

வியாழக்கிழமை ஷிப்டுக்கு அவள் போனபோது பட்டறை வாசலில் பூபதி மைசூர்பாகு டப்பாவோடு நின்றான். முகமெல்லாம் பல். உள்ளே முதலாளியும் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து அந்தப் பட்டறையில் யாரும் பார்த்ததில்லை.

"எடுத்துக்கோங்க்கா. உங்க சிவப்பும் போச்சு, சுமையும் எறங்குச்சு."

"என்ன சுமை?"

"வேலண்ணன் உங்க பாக்கியத் தன் பேருக்கு மாத்திக்கிட்டாருங். மூணு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு, பைசா பாக்கியில்லாம. இத்தன வருஷமா முதலாளி கேட்டு மசியாத மனுசன், காலைல அவரா வந்து, பாவம் பொம்பளைப்புள்ள இருக்கறவ, நான் ஏத்துக்கறேன்னாரு. மனசு மாறிருவாரோன்னு முதலாளி நின்ன நெலையில ரேகை வாங்கிட்டாரு. இனி அண்ணன் எங்கயும் போக முடியாதுங்!"

"என்னைக் கேக்காம எப்படி மாத்துவ?"

"ஏத்துக்கறவங்க ரேகை போதுங்க்கா. எறக்கி வெக்கறதுக்கு யாராச்சும் மாட்டேம்பாங்களா?"

அவள் உள்ளே ஓடினாள். எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. செங்கோட்டுவேல் கடைசித் தறியடியில் பஞ்சு கூட்டிக்கொண்டிருந்தார். இந்தக் கோடியில் நின்றபடியே உதட்டால் கத்தினாள்.

"யாரைக் கேட்டுப் பண்ணுனீங்க?"

அவர் துடைப்பத்தைச் சாத்தி வைத்தார். வாய் பாதிதான் அசைந்தது. ஆனால் அவளுக்கு ஒரு எழுத்து தப்பவில்லை.

"உன்னைக் கேட்டா உடுவியா?"

நடுவில் நின்றவர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்கள்.

"பெட்டிக்கு ஒரு பாக்கி வேணுமாம் அம்மிணி. எனக்குன்னு கடன் குடுக்க வேற யார் இருக்கா? உன்னோடதக் கொஞ்சம் எடுத்துக்கிட்டேன்."

அப்போதுதான் அவளுக்கு முழுவதும் விளங்கியது. அந்த மனுஷன் அவள் தலைமேல் இருந்த மூட்டையைத் தூக்கி, அதை டிக்கெட்டாக வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலைத் திறந்திருந்தார். ஒரு இழையில் இரண்டு அறுப்பையும் முடிந்துவிட்டார். முடிச்சை அவள் விரலால் தடவித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

குடோனில் பெனாசிர் உட்கார்ந்திருந்தாள். செங்கோட்டுவேல் எல்லோரும் பார்க்க இரண்டு தடவை வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அதுக்கப்புறம் வாயில எதாவது வெச்சீங்களா? டீ, பாக்கு, புகையிலை?" என்று கேட்டவள், கொஞ்சம் நிறுத்தி, "நாடா?" என்றாள்.

"இல்லீங் மேடம்."

அவர் வாய் திறந்த மட்டும் பிரஷ்ஷை நுழைத்துத் தேய்த்தாள். பெட்டிக்குள் வைத்தாள். டீ வந்தது. அவர் ஆறட்டும் என்று வைத்துக்கொண்டிருந்தார். ஆறுவதற்குள் எரிந்துவிட்டது.

சிவப்பு.

பூபதியின் கையிலிருந்த மைசூர்பாகு டப்பா சாய்ந்தது. "மேடம்... இன்னொரு தடவை..."

பெனாசிர் இன்னொரு தடவை எடுத்தாள். இன்னொரு சிவப்பு. முதலாளி சிரிப்பதை நிறுத்தி வெகுநேரமாகியிருந்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?" என்றான் பூபதி, அழாத குறையாக.

"என்கிட்ட யாரும் கேக்கலியே தம்பி. மாத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன்." அவள் குனிந்து பதிந்துகொண்டிருந்தாள். "உங்களுக்கென்ன நட்டம்? காப்பீட்டுல கட்டிருவாங்க. இந்தத் தடவ வாயும் செல்லும் ஒரே ஆளோடதுதான். பெட்டி சந்தோஷமா பூட்டிக்கும்." பதிந்து முடித்ததும் நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தாள். "இந்தப் பட்டறைல எடுத்த எல்லாத்தையும் நான் மறுபடி எடுக்கோணுங். நாடாவ இழுக்கக் கம்பி குடுத்துட்டுச் சொல்லியனுப்புங்க. அதுவரைக்கும் யார் விளக்கையும் நான் நம்ப மாட்டேன்."

கம்பி வந்தது. அதைக் கையில் பிடிக்கப் பழகுவதற்குள் பட்டறையே கூலி குறைந்து பல்லைக் கடித்தது. அது வேறு கதை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் செங்கோட்டுவேலின் இடது கன்னத்தின் உள்சதையைப் பெயர்த்து எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்துத் தைத்தார்கள். கழுத்துவரை கட்டு. மூக்கில் குழாய். பேசக் கூடாது, முயற்சிகூடச் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கனிஷ்கா விடுமுறை போட்டு மறுபடி வந்து, கட்டைப் பார்த்து, குழாயைப் பார்த்து, நர்ஸுகளிடம் ஆயிரம் கேள்வி கேட்டுத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் துளசிமணி கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வார்டில் அப்படியொரு அமைதி. தறிச் சத்தம் இல்லாத இடத்தில் அவளுக்கு எப்போதும் காது அடைத்த மாதிரி இருக்கும்.

அவர் கண்ணைத் திறந்தார். அவளைத் தேடிப் பார்த்தார். கட்டுக்கு வெளியே தெரிந்த வலது பக்கத்து உதட்டோரம் ஒரு நூலளவு அசைந்தது. குரல் இல்லை, மூச்சுகூட இல்லை.

"வலிக்குதுன்னு சொல்றாருங்களா?" என்று பக்கத்துக் கட்டில்காரர் கேட்டார். "பாப்பா, நர்ஸைக் கூப்பிடு" என்று வேறு யாரோ சொன்னார்கள்.

துளசிமணி கையமர்த்தினாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் கேட்டது ஒரே வார்த்தை.

பாக்கி?

அவளும் குரலை எடுக்கவில்லை. அந்தக் கோடித் தறியில் நிற்கிறவருக்குச் சொல்வது மாதிரி, உதட்டை நன்றாக விரித்து, ஒவ்வொரு எழுத்தாக, சத்தமில்லாமல் சொன்னாள்.

"தள்ளியாச்சுங்ணா. காலைல தள்ளியாச்சு."